லியூ வரும் பதினொரு விநாடி

விளக்கை அணைத்ததும் தாவோ மடியிலிருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலை பத்தேகால் மணி. ஹனோயின் பழைய திரைப்படக் காப்பகம் ஒன்றில், இரண்டாவது மாடியில், முப்பது நாற்காலி போட்ட சின்ன அறை. பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். படம் இருபத்திரண்டு நிமிஷம். தாவோவின் அக்கா லியூ வருவது பதினான்காவது நிமிஷத்தில், அதுவும் பதினொரு விநாடிதான். துயேனுக்கு இதெல்லாம் கடிகாரம் பார்க்காமலே தெரியும். படத்தை இயக்கியவர் அவர், வர்ணனை எழுதியவர் அவர், மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டியவரும் அவர். எழுபத்தெட்டு வயதில் வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகிறது, மூக்குக் கண்ணாடி மறந்துபோகிறது, இந்தப் படத்தின் ஒரு வெட்டுகூட மறந்துபோக மாட்டேன் என்கிறது. இன்னும் பதினான்கு நிமிஷம் இருக்கிறது. அதற்குள் சொல்லிவிடலாம். இல்லை, அக்காவை நிம்மதியாகப் பார்த்து முடிக்கட்டும், அதற்கப்புறம் சொல்லலாம். பார்த்து முடித்த பிறகு அவள் அழுவாள், அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது, அழுது ஓயட்டும், ஓய்ந்த பிறகு ரயிலுக்கு நேரமாகிவிடும். அவருக்குத் தன் மனசின் இந்த நடை நன்றாகத் தெரியும். ஐம்பத்தோரு வருஷமாக அது இதே தடத்தில்தான் போய்வந்துகொண்டிருக்கிறது. கீழே தேநீர் குடிக்கும்போதே சொல்லியிருக்கலாம். காப்பகத்து யென் இரண்டு கிளாஸில் பச்சைத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவங்கதான் ஐயா, வின் நகரத்துலேர்ந்து வந்திருக்காங்க, தொலைக்காட்சியில உங்க படத்துத் துண்டு ஒண்ணு ஓடிச்சே, அதுல இவங்க அக்காவை அடையாளம் கண்டுகிட்டாங்களாம்" என்று அறிமுகம் செய்துவைத்தாள். ரயிலில் வந்த கசங்கல் முகத்தோடு அந்த அறுபத்துமூன்று வயதுப் பெண் எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, எங்க அக்காகிட்ட நீங்க பேசியிருக்கீங்களா?" என்றாள். பேசியிருக்கிறேன் என்றார். "உங்களை எப்படிக் கூப்பிட்டா?" இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அண்ணா என்றுதான் கூப்பிட்டாள் என்றார். தாவோவின் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்போ நானும் அண்ணான்னே கூப்பிடறேன்" என்றாள். அந்த இடத்தில்தான் அவர் வாய் அடைத்துப்போனது.

திரையில் ஆறு வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் ஆறு எப்போதும் எண்ணெய் மாதிரித் தெரியும். மூங்கிலும் பலகையும் மிதவைப் பீப்பாயும் சேர்த்துக் கட்டிய பாலம், அதன் மேல் இலை தழை போர்த்திய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, கர்ப்பிணி படியிறங்குவதுபோல அத்தனை கவனமாக. பதினாறாம் துறை. அந்த ஆற்றில் துறைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பெயர் வைத்தால் எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். நாட்டின் இடுப்பு ஒடுங்கிய பகுதி அது, தெற்கே போகிற ஒவ்வொரு லாரியும் அங்கே நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடக்க வேண்டும். விமானம் வந்து குண்டு போட்டுக் கரையைப் பள்ளமாக்கும். பெண்கள் படை கூடையில் மண் சுமந்துவந்து பள்ளத்தை மூடும். மறுபடி விமானம் வரும். துயேனுக்கு அப்போது இருபத்தேழு வயது. கூடவே ஒளிப்பதிவாளர் கியெம், அவரைவிட இரண்டு வயது சின்னவன், சாவி முறுக்கி ஓடவிடுகிற கேமராவைக் குழந்தையைப்போல மார்போடு கட்டிக்கொண்டு நடப்பான். ஒரு முறுக்குக்கு இருபத்தைந்து விநாடி. அதற்குள் எதை எடுக்கிறாயோ எடுத்துக்கொள். பிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும், ஒரு சுருளுக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுக்கக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. இருந்தது என்று மட்டும் சொன்னால் போதுமா, அந்தச் சட்டத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிற வேலையே அவருடையதாக இருந்தது. பக்கத்தில் தாவோ சற்று முன்னால் சாய்ந்தாள். "அண்ணா, இதுல இருக்காளா?" இல்லம்மா, இன்னும் நேரம் இருக்கு. "நான் பார்க்காம விட்டுடுவேனோ?" விடமாட்டீங்க, நான் சொல்றேன். அவள் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் படம் ஒன்றும் இல்லையாம். தேநீர் குடிக்கும்போது சொன்னாள். பூஜைப் பலகையில் அப்பாவுக்குப் படம் இருக்கிறது, அம்மாவுக்குப் படம் இருக்கிறது, அக்காவுக்கு மட்டும் வெறும் பெயர் எழுதிய அட்டை. மாதுளை என்று அர்த்தம் வருகிற பெயர். பிறந்தபோது அத்தனை சிவப்பாக இருந்தாளாம். எனக்குப் பீச்சுப் பழத்தின் பேர், என் வாய் ஓயாததால அது சரியில்லை, மிளகாய்னு வெச்சிருக்கணும்னு அம்மா சொல்லும் என்று சொல்லிவிட்டுத் தாவோ சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கீழுதட்டின் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியது. அவர் தேநீர் கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார். லியூவின் அதே இறக்கம்.

"இந்தப் பெண்களுக்குப் பயம் தெரியாது" என்றது வர்ணனைக் குரல். அந்தக் காலத்து வானொலிக் குரல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுகிற குரல். எழுதியது துயேன். காட்டுக்குள் ஒரு குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் இந்த வாக்கியம் வந்ததும் பேனாவை மூடி வைத்தது ஞாபகம் இருக்கிறது. பயம் தெரியாதா? லியூவுக்கு அட்டைப்பூச்சியைக் கண்டால் பயம். மண்ணைச் சுமந்துவந்து கொட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். இடியென்றால் பயம், குண்டுச் சத்தத்தைவிட இடிச் சத்தம்தான் மோசம் என்பாள், குண்டை மனுஷன் போடுகிறான், இடியை யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லையே என்பாள். கேமராவைக் கண்டால் முதல் இரண்டு நாள் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். மூன்றாம் நாள் அவளே வந்து கேட்டாள்: "அண்ணா, இது ஹனோய்க்குப் போகுமா?" போகும். "எங்க ஊருக்கு வருமா?" நடமாடும் சினிமாக் குழு எல்லா ஊருக்கும் வரும், உங்கள் ஊருக்கும் வரும் என்றார். "அப்போ அம்மா பார்ப்பாங்களா?" பார்ப்பாங்க. "அப்போ என்னை எடுங்க. ஆனா மண்ணு சுமக்கறப்போ எடுங்க, சும்மா நிக்கிறப்போ எடுக்காதீங்க. சும்மா நின்னா அம்மா திட்டும்." பத்தொன்பது வயசு. பயம் தெரியாது என்று எழுதிவிட்டார். எல்லாம் தெரிந்து, தெரிந்தபடியே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டவளை, தெரியாதவள் என்று எழுதிவிட்டார். அதற்கு ஒரு பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். "அண்ணா," தாவோ கிசுகிசுத்தாள், அறையில் வேறு யாரும் இல்லாதபோதும். "இந்தப் படம் எங்க பக்கம் வந்துச்சு தெரியுமா? பக்கத்து ஊர்ல போட்டாங்க. அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு நடந்துச்சு. ஆறு மைல். பாதி வழியில மழை பிடிச்சுக்கிட்டுது, திரையைச் சுருட்டிட்டாங்கன்னு எதிர்ல வந்தவங்க சொன்னாங்க. திரும்பிட்டோம். அம்மாவுக்கு அதுல அக்கா இருக்கான்னே தெரியாது. சும்மா சினிமா பார்க்கத்தான் போனோம்." அவர் சரி என்று தலையாட்டினார். இருட்டில் தலையாட்டியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

எத்தனையாவது நிமிஷம்? எட்டு. சமையல் காட்சி. மரவள்ளிக் கிழங்கும் உப்பும். இதற்கப்புறம் கடிதம் படிக்கிற பெண், அப்புறம் லாரி டிரைவர், அப்புறம் அவள். அன்றைக்கு மத்தியானமும் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, எதையாவது ஒன்றை இடத்தைவிட்டு நகர்த்தியிருந்தால் மற்றதெல்லாம் நகர்ந்திருக்கும். காலையில் குண்டு விழவில்லை. மத்தியானம் வெயில் சுள்ளென்று அடித்தது. பத்துப் பெண்கள் கூடையோடு இக்கரையிலிருந்து பாலத்தின்மேல் நடந்து அக்கரைக்குப் போனார்கள், கடைசியாக லியூ. கியெம் முட்டி போட்டுக் கேமராவைத் தூக்கினான். லியூ பாலத்தின் நடுவில் வரும்போது ஒரு மேகம் வந்து சூரியனை மூடிற்று. ஒரேயொரு மேகம், அத்தனை பெரிய வானத்தில். அவள் முகத்தில் நிழல் இறங்கியது. அவள் கேமராவைத் தாண்டிப் போகும்போது திரும்பி இவர்களைப் பார்த்துச் சிரித்தாள், திரும்பக்கூடாது என்று சொல்லியிருந்தும். போய்விட்டாள். அக்கரை ஏறிவிட்டாள். கூடையைக் கொட்டினாள். மற்ற பெண்கள் பதுங்குகுழிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். "கிடைச்சுடுச்சு" என்றான் கியெம். "நிழல் விழுந்துடுச்சே" என்றார் துயேன். "வெளிச்சம் போதும் அண்ணா. நான் பார்த்தேன், போதும்." போதும் என்று சொன்னான். இரண்டு தடவை சொன்னான். அவன் கண்தான் கண்ணாடி வழியாகப் பார்த்த கண், இவர் வெளியே நின்றுகொண்டிருந்தவர். ஆனால் இவர் இயக்குநர். மேகம் விலகிவிட்டது, வெயில் மறுபடி பாலத்தின்மேல் விழுந்தது, ஆறு பளபளவென்று இருந்தது, அந்த அழகில் இவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆமாம், பசிபோலத்தான் இருந்தது, வேறு வார்த்தை இல்லை. வாயைக் குவித்துக் கத்தினார்: "லியூ! இன்னொரு தடவை வாம்மா!" அவள் நின்று திரும்பினாள். வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா என்னை நடிகையாக்காம விடமாட்டாரு போல" என்று மற்றவர்களிடம் சத்தமாகச் சொன்னாள், எல்லாரும் சிரித்தது இக்கரை வரைக்கும் கேட்டது. பாலத்தின்மேல் திரும்பி நடந்து வந்தாள். இக்கரை முனையில் ஒரு வெள்ளைக் கல், அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கையைக் காட்டினார். கல்லுக்கு வந்து குனிந்து கூடையில் மண் நிரப்பினாள். வெறுங்கூடையோடு வந்தால் போதும் என்று இவர் சொல்லியிருந்தால் அரை நிமிஷம் மிச்சமாகியிருக்கும். சொல்லவில்லை. வெறுங்கூடை படத்தில் தெரிந்துவிடும். கியெம் சாவி முறுக்கிக்கொண்டிருந்தான், கிர்ர், கிர்ர், கிர்ர். அந்தச் சத்தத்தில்தானோ என்னவோ மலைக்குப் பின்னாலிருந்து வந்த மற்ற சத்தம் கேட்கவில்லை. எச்சரிக்கை மணி அடித்தபோது விமானம் தலைக்குமேல் இருந்தது. ஓடு என்று கத்தினாரா? கத்தினார் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தார். கத்தவில்லை. பக்கத்திலிருந்த காய்ந்த ஓடைக்குள் விழுந்தார். விழும்போது பிலிம் டப்பாவை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு கவிழ்ந்து படுத்தார், ஒரு தாய் படுப்பதுபோல. மண் மழையாகக் கொட்டி ஓய்ந்து எழுந்து பார்த்தபோது டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை. வெள்ளைக் கல்லையும் காணவில்லை.

இரண்டு மாசம் கழித்து மேசையில் அந்தச் சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். அவரும் கியெமும் மட்டும். முதல் தடவை எடுத்தது, எடுத்தது அது ஒன்றுதானே, சின்னக் கண்ணாடித் திரையில் ஓடிற்று. நிழல் விழுந்த முகம். அதுதான் அற்புதமாக இருந்தது. வெயில் இருந்திருந்தால் முகம் வெளுத்துக் கண்ணெல்லாம் குழியாகியிருக்கும். மேகம் வந்ததால்தான் நெற்றி வேர்வையும் கன்னத்து மண்ணும் உதட்டின் அந்த இறக்கமும் அப்படித் துலங்கின. கியெம் எழுந்து வெளியே போய்ப் பீடி பற்றவைத்தான். திரும்பி வந்து, "இதையே வைங்க" என்றான். அதற்கப்புறம் நாற்பத்துமூன்று வருஷம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யுத்தம் முடிந்ததும் அவன் மனுஷர்களைப் படம் எடுப்பதையே விட்டுவிட்டான். விவசாய இலாகாவுக்காக நெல்லில் விழுகிற பூச்சிகளை எடுத்தான், தத்துப்பூச்சியும் குருத்துப்புழுவும், வருஷக்கணக்காக, லென்ஸை இலையோடு இலையாக வைத்துக்கொண்டு. ஏனப்பா என்று ஒரு தடவை கேட்டதற்கு, பூச்சி நாம சொல்லி நடக்கறதில்லை என்றான். அவன் சாகக் கிடந்தபோது துயேன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "போதும்னு சொன்னேன்ல?" என்றான், கண்ணைத் திறக்காமலே. மருந்து மயக்கம் என்று அவன் மனைவி சொன்னாள். துயேனுக்கோ படத்துக்குமேல் படம். அந்தப் பதினொரு விநாடியைக் காட்டித்தான் அவரை வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினார்கள். மேக நிழலைப்பற்றி ஒரு வெள்ளைக்காரர் அரைப் பக்கம் எழுதினார். இவரும் மேடையில் ஏறி, யுத்தக் களத்தில் இயற்கை எங்களுக்குக் கொடுத்த பரிசு என்று பேசினார், பேசினார், எந்த வாயால் பேசினார். அப்புறம் சமாதான காலம், மகன்களும் மகள்களும் எலும்பாகவாவது வருவார்களா என்று காத்திருக்கிற தாய்மார்களைப் பற்றி ஒரு படம். அது சோகம் அதிகம் என்று ஆறு வருஷம் அலமாரியில் பூட்டி வைத்தார்கள். வெளியே வந்தபோது ஜனங்கள் அழுதார்கள், உண்மையைச் சொல்லத் துணிந்த கலைஞர் என்று பத்திரிகை எழுதியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அம்மா, பிள்ளைக்கு எந்த நாளில் திதி கொடுக்கறீங்க என்று கேட்டவர் அவர். நாள் தெரியாதப்பா, வீட்டை விட்டுப் போன நாளையே வெச்சுக்கிட்டோம் என்று அவர்கள் சொல்லும்போது கேமராவை முகத்துக்கு நெருங்கப் போகச் சொன்னவரும் அவரே. அந்தப் படத்துக்காக ஜீப்பில் போனபோது லியூவின் ஊர் ஐந்து மைலில் இருந்தது. கைகாட்டிப் பலகை இருந்தது. போயிருப்பார். பாலம் உடைந்திருந்தது. மழைக்காலம், பாலம் உடைந்திருந்தது, ஜீப் போகாது என்று டிரைவர் சொன்னான். டிரைவர் சொன்னானா? பாலம் உடைந்திருந்தது என்று மனைவியிடம் சொன்னார், கியெமிடம் சொன்னார், தன்னிடம் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டார். பாலத்தின்மேல் ஒரு கிழவர் வாத்து ஓட்டிக்கொண்டு வந்தார். இருபது முப்பது வாத்து. பாலம் நன்றாகத்தான் இருந்தது. இவர்தான் ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

லாரி டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், வெட்டு, பாலம். துயேன் தன் கை தாவோவின் மணிக்கட்டைத் தொட்டதை உணர்ந்தார். "இப்போ" என்றார். முதல் பெண், இரண்டாவது பெண், ஐந்து, எட்டு, பத்தாவதாக அவள், தலையில் கூடை, ஒரு கை கூடையில், ஒரு கை வீசி, இடது கட்டைவிரலில் துணிச் சுற்று. மேகம் வந்தது. நிழல் பலகைமேல் ஓடிவந்து அவள்மேல் ஏறிற்று. அவள் நிமிர்ந்தாள், தாண்டினாள், திரும்பினாள், சிரித்தாள். உதடு இறங்கியது. வெட்டு. ஆறு. மேலே படம் ஓட்டுகிற அறையிலிருந்து யென் படத்தை நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், அந்தச் சிரிப்பில் கொண்டுவந்து அசையாமல் நிறுத்தினாள். அந்த முகத்தை ஒரு பிரதி எடுத்துக் கொடுப்பதாகக் காலையிலேயே சொல்லியிருந்தாள். முகம் சுவரளவு பெரிதாக நின்றது. "எங்க அக்காதான்" என்றாள் தாவோ, யாரோ மறுத்ததுபோல. "இவ்வளவு சின்னப் பொண்ணா இருந்தா? எனக்குப் பன்னெண்டு வயசு, அவ எனக்குப் பெரிய மனுஷி மாதிரி இருப்பா. என் பேத்தி வயசு இவளுக்கு." பிறகு, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "சிரிக்கிறாளே அண்ணா. நாங்க எல்லாம் அவ பயந்துக்கிட்டே செத்திருப்பான்னு நினைச்சோம். அம்மா சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு, அவ இடிக்கே பயப்படுவாளேன்னு. இவ சிரிக்கிறா பாருங்க" என்றாள். இதோடு விட்டுவிடலாம். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாமல் இதோடு விட்டுவிடலாம். இந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு அவள் ரயில் ஏறட்டும். நல்ல காரியம்தானே, கிழவா, கடைசிக் காலத்தில் உன் பாரத்தை இறக்குவதற்கு இவள் தோளா கிடைத்தது? அவர் ஏறக்குறையத் தீர்மானித்துவிட்டார். அப்போது தாவோ, "இந்தப் படம் கிடைச்சதும் பெரிசா பண்ணி வெச்சு, வர்ற ரெண்டாம் மாசம் ஏழாம் நாள் திதியை நல்லபடியா செய்யணும்" என்றாள். அது என்ன நாள் என்று அவர் கேட்டார், கேட்கும்போதே தெரிந்துவிட்டது. "அவ வீட்டை விட்டுக் கிளம்பின நாள். மூணு வருஷம் கழிச்சு வந்த கடுதாசியில வருஷம் மட்டும்தான் இருந்துச்சு. படைக் காகிதமெல்லாம் எரிஞ்சுபோச்சாம். செத்த நாள் தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்லைன்னாங்க."

"தங்கச்சி, எனக்குத் தெரியும்" என்றார் துயேன். தன் குரல் இத்தனை சாதாரணமாக வெளிவந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "நிலாக் கணக்குல ஆறாம் மாசம் பத்தொன்பது. பௌர்ணமி கழிஞ்சு நாலாம் நாள். நான் அங்கே இருந்தேன். நீங்க பார்க்கறீங்களே, இந்தச் சிரிப்பு, அதுக்கப்புறம் பத்து நிமிஷம்கூட இல்லை." தாவோ அவர் பக்கம் திரும்பினாள். நிறுத்தக்கூடாது என்று அவருக்குத் தெரிந்தது, மூச்சு விட நிறுத்தினால் வாத்து ஓட்டும் கிழவர் வந்துவிடுவார், இவர் மறுபடி ஜீப்பைத் திருப்பிவிடுவார். "அவ பாலத்தைத் தாண்டிட்டா. பத்திரமாப் போய்ச் சேர்ந்துட்டா. நான்தான் திரும்பக் கூப்பிட்டேன்." "எதுக்கு?" "இன்னொரு தடவை நடந்து வரச் சொன்னேன். படம் எடுக்கறதுக்கு." "எதுக்கு?" என்றாள் மறுபடியும், புரியாத குழந்தை கேட்பதுபோல. "மேகம் மறைச்சிடுச்சு, முகம் சரியா விழுந்திருக்காதுன்னு நெனச்சேன்." தாவோ எழுந்தாள். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் நிழல் அக்காவின் கழுத்தில் விழுந்ததைப் பார்த்து விலகி நின்றுகொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "முகம் நல்லாத்தானே தெரியுது" என்றாள். ஆமாம் என்றார். "நல்லாத்தானே தெரியுது." ஆமாம். "இவ்வளவு வருஷமா ஏன் சொல்லல?" அண்ணா என்ற வார்த்தை அந்தக் கேள்வியில் இல்லை, ஐயா என்பதும் இல்லை, ஒன்றும் இல்லை. யோசித்து வைத்திருந்த காரணங்கள் எத்தனையோ, ராணுவ ரகசியம், அன்றைய காலம், உங்களை நோகடிக்க வேண்டாமென்று, பாலம் உடைந்திருந்தது. "பயந்துட்டேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள், புரிந்தது என்றா, போதும் என்றா, தெரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். கையை ஓங்கினால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டுத் தொட்டு. "ஆறாம் மாசம் பத்தொன்பதுன்னா இந்த வருஷத்துது போன மாசமே போயிடுச்சு" என்றாள். "அன்னைக்குப் பார்த்து நான் தங்கச்சி மகள் வீட்டு விசேஷத்துல இருந்தேன். பாட்டுப் போட்டாங்க."

அவள் திரும்பி வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். அடக்கம் எங்கே என்று கேட்டாள். மலைச் சரிவில் பெண்கள் சேர்ந்து புதைத்தார்கள், அடுத்த வாரமே அந்தச் சரிவில் மறுபடி குண்டு விழுந்தது, பிற்பாடு தேடிப் போனவர்களுக்கு இடம் அகப்படவில்லை என்று சொன்னார். தான் தேடிப் போகவில்லை என்பதையும் சொன்னார். வலித்திருக்குமா என்று கேட்டாள். இல்லை, ஒரு நொடிகூட இருக்காது என்றார், அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும், இந்த ஒன்றை மட்டும் யோசிக்காமல் சொல்ல முடிந்தது. "காலையிலயா, சாயங்காலமா?" "மத்தியானம். ரெண்டேகால்." அவள் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். துணிப்பையின் வாயைத் திறந்து மூடினாள். உள்ளே வாழையிலையில் கட்டிய சோற்று வாசனை வந்தது, ரயிலில் தின்ன எடுத்து வந்து தின்னாமல் விட்டது. "சாப்பிட்டிருந்தாளா?" என்றாள்.

துயேன் வாயைத் திறந்தார். வெளிச்சம் எவ்வளவு என்று தெரியும், லென்ஸை எவ்வளவு திறந்திருந்தார்கள் என்று தெரியும், கியெமின் முட்டியிலிருந்து பாலத்தின் விளிம்பு பதினொரு மீட்டர், காற்று தெற்கிலிருந்து, அவள் கட்டைவிரல் துணி முந்தாநாள் மண்வெட்டி பட்டதற்குக் கட்டியது, கூடையில் இடது பக்கம் மூன்று பிரம்பு அறுந்திருந்தது, சட்டையில் இரண்டாம் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. எல்லாம் தெரியும். மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு பங்கு வைத்தார்களே, அது பாலத்துக்கு முன்னாலா, பின்னாலா? பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த காட்சி வந்தது, அதில் அவளைத் தேடினார், அது வேறு நாளோ என்னவோ. இவர் சாப்பிட்டார், அது நினைவிருக்கிறது, கியெமும் சாப்பிட்டான், உப்பு அதிகம் என்றான். வேலை முடிஞ்சுதான் சாப்பாடு என்று படைத்தலைவி சொல்லிக் கேட்டிருக்கிறார். அது எல்லா நாளுமா? சாப்பிட்டாம்மா என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போக எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "தெரியலம்மா" என்றார். "நான் கேட்கவே இல்லை." தாவோ பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். முகத்தைப் பார்த்தபோது அழாதவள், நாளைச் சொன்னபோது அழாதவள், திரும்பக் கூப்பிட்டேன் என்றபோதும் அழாதவள், இப்போது தோள் குலுங்க, குரலை விட்டு, அம்மா அம்மா என்று அழுதாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் அந்த ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் கையை ஊன்றிக்கொண்டு அவர் அவளைத் தொடவும் மாட்டாமல், எழுந்து போகவும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தார். எடுத்த பிரதியை உறையில் போட்டுக்கொண்டு யென் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். உறையைக் கடைசி வரிசை நாற்காலியில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.